கம்பெனிகள் தரும் நஷ்ட ஈடும் வருமான வரியும்

வருமான வரி என்பது பட்டணத்து வர்த்தகர்களையும் உத்தியோகஸ்தர்களையும் சேர்ந்த விஷயம், உழுது பயிரிடுகிறவனுக்கு அதனோடு யாதொரு சம்பந்தமுமில்லை என்னும் எண்ணம் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. விவசாய வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு மாநிலங்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. மத்திய ஸர்க்காரின் வருமான வரிச் சட்டமும் அவ்வருமானத்தை வரிக்கு உட்படுத்தாமல் விலக்கி வைத்திருக்கிறது. 1961-ம் வருஷத்துச் சட்டத்தில் விவசாய வருமானத்திற்குக் கூறப்பட்ட இலக்கணம், அதற்குப் பதிலாக 2026-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலாகும்படி இயற்றப்பட்ட 2025-ம் வருஷத்துச் சட்டத்திலும் பொருளளவில் மாறவில்லை.

ஆனால் குடியானவர் கைக்கு வரும் பணமெல்லாம் நிலத்திலிருந்தே வருவதென்று இக்காலத்தில் கூறுவதற்கில்லை. முளைக்காத விதைக்கு விதைக் கம்பெனி பணம் தருகிறது. பழுதான டிராக்டரின் விலையைத் தயாரித்த கம்பெனி திருப்பிக் கொடுக்கிறது. வெள்ளத்தில் அழுகிய சம்பாவிற்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி தொகை அனுப்புகிறது. வயலினூடே எரிவாயுக் குழாய் பதித்த கம்பெனி பயிர்ச் சேதத்திற்கும் நில உபயோகத்திற்கும் ஈடு கட்டுகிறது. கரும்பு ஆலை நெடுநாள் பாக்கியை வட்டியோடு தீர்க்கிறது. இவையாவும் பாங்கிக் கணக்கில் ஒரே விதமாகத்தான் வந்து சேருகின்றன. ஆயினும் வரிச் சட்டத்தின் கண்களுக்கு இவை ஒரே ஜாதியல்ல. சிலவற்றை அது வருமானமாகவே கருதுவதில்லை; சிலவற்றை விவசாய வருமானமென்று விட்டுவிடுகிறது; சிலவற்றின்மீது தயங்காமல் கை வைக்கிறது. எது எந்த வகையென்பதைப் பணம் வாங்கும்போதே பிரித்து எழுதிக்கொள்ளாத குடியானவர், பின்னால் தமக்குரிய விலக்கை நிரூபிக்க வகையின்றி நிற்க நேரிடும்.

இவ்விஷயத்தில் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, யார் கொடுத்தார்கள் என்பதன்று. இந்தப் பணம் எதற்குப் பதிலாக வந்தது என்பதே. பொருள் போனதற்காக வந்த பணம் ஒரு வகை. பொருள் ஈட்டித் தந்திருக்கக்கூடிய வரும்படி போனதற்காக வந்த பணம் மற்றொரு வகை. 1932-ம் வருஷத்தில் பிரிவி கௌன்ஸில் நீதிபதிகள் கல்கத்தாவிலிருந்து வந்த ஷா வாலஸ் கம்பெனியின் வழக்கைத் தீர்த்தபோது, வருமானத்தை மரத்தின் பழத்திற்கும் வயலின் விளைவிற்கும் ஒப்பிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் தம்முடைய ஏஜென்ஸியை ரத்துச் செய்ததற்காகக் கொடுத்த நஷ்ட ஈடு, பழமன்று, மரத்தின் விலையே என்ற கருத்தில் அது வருமானமன்றென்று தீர்மானமாயிற்று. லண்டனில் அமர்ந்திருந்த நீதிபதிகளுக்கு இக்கணக்கை விளக்க வயலைவிடப் பொருத்தமான உவமை அகப்படவில்லை என்பது நம் குடியானவர்கள் கவனிக்கத்தக்கது.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டமொன்றின் வழக்கு இதனை இன்னும் தெளிவாக்கும். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ராணுவத்தார் அத்தோட்டத்தின் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டார்கள். தேயிலை தயாரிக்கும் தொழில் நின்றது. எவ்வளவு தேயிலை தயாராகியிருக்கும் என்று கணக்கிட்டு அதற்கேற்ப நஷ்ட ஈடு கொடுக்கப்பட்டது. லாபத்தை அளவாகக் கொண்டு கொடுத்தமையால் அது லாபமே என்று வரி அதிகாரிகள் வாதித்தார்கள். 1961-ல் சுப்ரீம் கோர்ட் இவ்வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலே செய்ய முடியாதபடி அதன் ஆதாரம் கையைவிட்டுப் போனதற்காக வந்த தொகையை, அளந்த முறையைக் கொண்டு தொழிலின் வருமானமென்று கூறலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். மரக்காலால் அளந்தாலும் படியால் அளந்தாலும் நெல் நெல்தான், உமி உமிதான்.

இதற்கு நேர்மாறானது 1952-ல் தீர்ந்த ரகுவம்ஸி ஆலை வழக்கு. ஆலை தீக்கிரையானபின், லாபம் குறைந்ததற்கென்று தனியாகச் செய்திருந்த இன்ஷியூரன்ஸின்படி பணம் வந்தது. அது லாபத்தின் ஸ்தானத்தில் வந்த பணமாகையால் வரிக்கு உட்பட்ட வருமானமே என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. ஆகவே ஒரே நெருப்பில், எரிந்த கட்டடத்திற்காக வருவது ஒன்றும், இழந்த லாபத்திற்காக வருவது வேறொன்றும் ஆகின்றன.

விலை திரும்பி வருவதில் அதிகச் சிக்கலில்லை. டிராக்டருக்குக் கொடுத்த பணம் டிராக்டரைத் திருப்பிக் கொடுத்தபின் கைக்கு வந்தால், கொடுத்தது மீண்டதேயன்றி ஈட்டியது ஒன்றுமில்லை. உரத்தின் விலையில் தள்ளுபடியாக வருவது செலவைக் குறைக்கிறது, அவ்வளவே. இயந்திரத்தைக் குறித்த காலத்தில் கொடுக்காததற்காகக் கம்பெனி கட்டும் அபராதத் தொகையும், இயந்திரத்தின் ஸ்தாபிதத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டிருந்தால் வருமானமாகாது. ஸௌராஷ்டிர சிமெண்ட் கம்பெனியின் வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட் இவ்வாறே தீர்ப்பளித்தது. ஆனால் நிலத்தோடு அரிசி ஆலையும் வைத்திருப்பவர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆலைக் கணக்கில் செலவாக எழுதி, அதனால் முன் வருஷத்தில் வரியைக் குறைத்துக்கொண்ட ஒரு தொகை, உதாரணமாக அதிகமாக வசூலித்த மின்சாரக் கட்டணம் அல்லது பழுது பார்த்த கூலி, பின்னால் திரும்பி வருமானால், வந்த வருஷத்தின் லாபமாக அதனைக் காட்ட வேண்டும். ஒரே செலவிற்கு வரிக் குறைப்பையும் பெற்று, செலவையும் திரும்பப் பெற்றுக்கொண்டு மௌனமாயிருக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. சாகுபடிச் செலவு அப்படியன்று. சாகுபடிக் கணக்கே வரிக்கு வெளியில் இருப்பதால், விதை விலை திரும்பி வருவதால் வரிக்கு உரிய எதுவும் பிறக்காது. டிராக்டரை வாடகை உழவுக்கு விட்டு வரும்படி பெறுகிறவர், அவ்வரும்படி விவசாய வருமானமன்று என்பதையும், அதன் தேய்மானத்தைக் கணக்கில் கழித்திருந்தால் திரும்பி வந்த விலையை அக்கணக்கிலேயே காட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோழிப் பண்ணையும் மாட்டுப் பண்ணையும் இவ்விதமே. கிராமத்தில் நடப்பதாலேயே அவை சட்டத்தின் பார்வையில் விவசாயமாகிவிடுவதில்லை.

இனிப் பயிருக்குப் பதிலாக வரும் பணத்தைக் கவனிப்போம். இதில்தான் குடியானவர்களின் நலன் பெரிதும் அடங்கியிருக்கிறது. அபிப்பிராய பேதத்திற்கும் இதில்தான் இடமுண்டு.

பயிர் நிலத்தின் விளைவு. விளைவின் ஸ்தானத்தில் வந்த பணம், ரகுவம்ஸி ஆலை வழக்கின் நியாயப்படி, வருமானத்தின் குணமுடையது. ஆனால் அந்த வருமானம் வந்திருந்தால் அது விவசாய வருமானமாக இருந்திருக்கும். ஆகவே அதன் பிரதியும் விவசாய வருமானமாகவே கருதப்பட வேண்டும் என்பது நேரான தர்க்கம். இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு. பணத்தின் உடனடியான பிறப்பிடம் நிலமாக இருந்தாலன்றி அது விவசாய வருமானமாகாது என்று கோர்ட்டுகள் பல முறை கண்டிப்பாகக் கூறியிருக்கின்றன. ஜமீன் குத்தகைப் பாக்கியின்மீது வந்த வட்டி, குத்தகை விவசாய வருமானமாயிருந்தபோதிலும், தான் விவசாய வருமானமன்றென்று 1948-ல் பிரிவி கௌன்ஸில் தீர்த்தது. தேயிலைக் கம்பெனியின் பங்குதாரர் ஒருவர், கம்பெனியின் லாபத்தில் பெரும்பகுதி விவசாய வருமானமாதலால் தமக்கு வந்த பங்கு லாபத்திலும் அப்பகுதிக்கு விலக்கு வேண்டுமென்று கேட்டபோது, 1954-ல் சுப்ரீம் கோர்ட் அதனை மறுத்தது. பங்கு லாபத்தின் பிறப்பிடம் பங்கேயன்றி நிலமன்று என்றது. இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, பயிர் இன்ஷியூரன்ஸ் தொகையின் பிறப்பிடம் நிலமன்று, இன்ஷியூரன்ஸ் ஒப்பந்தமே என்று ஓர் அதிகாரி வாதிக்கக்கூடும்.

அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. வட்டியும் பங்கு லாபமும் விளைவுக்கு மேல் வந்து சேர்ந்த வேறு பொருள்கள். குத்தகையும் வந்தது, வட்டியும் வந்தது. பயிருக்கு வரும் ஈடோ விளைவுக்கு மேல் வருவதன்று, விளைவு இல்லாமையால் அதன் இடத்தை நிரப்ப வருவது. நெல்லையும் ஈட்டையும் ஒருவர் ஒரே அழிவுக்காக இரட்டிப்பாகப் பெறுவதில்லை. அன்றியும், விவசாயம் என்பதற்கு உழுதல், விதைத்தல், நடுதல் முதலிய மூலத் தொழில்கள் நிலத்தின்மீது நடந்திருக்க வேண்டும் என்று 1957-ல் வினய குமார ஸாஹஸ ராயரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த சோதனையில், அழிந்த பயிர் தேறிவிடுகிறது. உழவு நடந்தது, நடவு நடந்தது, களை பறிக்கப்பட்டது. அறுப்பு ஒன்றே நடக்கவில்லை. 2016-ல் ஆரம்பித்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கார்ப் பருவத்து உணவுப் பயிர்களுக்கு நூற்றுக்கு இரண்டும், குளிர்காலப் பயிர்களுக்கு ஒன்றரையுமாகக் குடியானவர் பிரீமியம் செலுத்தினார். எஞ்சியதை ஸர்க்கார்கள் ஏற்றன. பயிர் அழிந்த குடும்பத்தை மறு சாகுபடிக்கு நிறுத்திவைக்க ஸர்க்கார் ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் வரியாகப் பிடுங்குவது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

இதே சோதனை மற்றொரு பக்கமும் வெட்டும். மழை பொய்த்ததனால் விதைக்கவே முடியாமற்போன நிலத்திற்கும் அத்திட்டத்தில் காப்புத் தொகையில் நூற்றுக்கு இருபத்தைந்து வரை ஈடு உண்டு. அந்நிலத்தில் மூலத் தொழில் எதுவும் நடந்திராது. அத்தொகைக்கு விலக்குக் கேட்பவர் சற்றுப் பலவீனமான ஆதாரத்தின்மீது நிற்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உழவாவது, எருவிடலாவது, நாற்றங்காலாவது நடந்திருந்தால் அது அடங்கலில் பதிவாகியிருப்பது நல்லது. இனி, பயிரே வைக்காமல் வைத்ததாக எழுதிப் பெறும் ஈட்டுக்கு விவசாய வருமானம் என்ற பெயர் ஒருக்காலும் பொருந்தாது. அவ்வித அடங்கல் எழுதிக் கொடுக்கும் கிராம அதிகாரி கம்பெனியை மாத்திரம் ஏமாற்றுவதாக எண்ணிக்கொள்ளலாம். மெய்யாகவே பயிர் அழிந்தவனுடைய அடங்கலின் மதிப்பையும் அவர் சேர்த்தே குறைத்துவிடுகிறார்.

விதைக் கம்பெனிகள் கட்டும் நஷ்ட ஈடு பற்றிக் குடியானவர்களுக்கு இப்போது பலமான உரிமை இருக்கிறது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்றும், விதைச் சட்டம் இருப்பதனால் நுகர்வோர் மன்றத்தின் வழி அடைபட்டுவிடாது என்றும் தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012-ம் வருஷம் ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட் தெளிவாகக் கூறியது. மன்றங்கள் தீர்ப்பளிக்கும்போது விதை விலை, விளைச்சல் நஷ்டம், மன உளைச்சல், வழக்குச் செலவு, வட்டி என்று இனம் இனமாகப் பிரித்து எழுதுவது பெரும்பாலும் வழக்கம். மன உளைச்சலை ரூபாயில் நிறுக்கும் தராசு எவரிடம் இருக்கிறதோ தெரியவில்லை. ஆயினும் வரிக் கணக்கிற்கு இப்பிரிவினை மிகவும் பிரயோஜனமானது.

உதாரணமாக, நாலு ஏக்கரா பருத்தி வைத்து ஏமாந்த ஒரு குடியானவருக்கு மொத்தம் 2,40,000 ரூபாய் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் விதை விலை 7,000, விளைச்சல் நஷ்டம் 1,60,000, மன உளைச்சலுக்கு 25,000, வழக்குச் செலவு 8,000, வட்டி 40,000. விதை விலை திரும்பி வந்த செலவு. விளைச்சல் நஷ்டம் மேலே கூறிய நியாயப்படி விவசாய வருமானம். மன உளைச்சலுக்கானது எந்த வருமானத்திற்கும் பதிலாக வந்ததன்று. வழக்குச் செலவு கையைவிட்டுப் போனது கைக்கு வந்தது. எஞ்சுவது வட்டி. நஷ்ட ஈட்டின்மீது வரும் வட்டியை, அது எத்தனை வருஷத்து வட்டியாயிருந்தாலும், கைக்கு வந்த வருஷத்தின் வருமானமாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதில் சரிபாதியைக் கழித்துவிட்டு மற்றப் பாதியையே வரிக்கு உட்படுத்துகிறது. ஆகவே 2,40,000 ரூபாயில் வரிக் கணக்கில் சேருவது 20,000 ரூபாய் மாத்திரமே. வேறு வருமானம் சொற்பமாக உள்ளவருக்கு அதன்மீதும் வரி இராது.

அதே குடியானவர் வழக்கு முடியுமுன் கம்பெனியின் ஏஜெண்டோடு ராஜியாகி, "2,40,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரியில் ரசீது எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? எது விளைச்சலுக்கு, எது வட்டிக்கு என்பதைப் பின்னால் அவரே நிரூபிக்க வேண்டி வரும். இதைவிட மோசமானதும் உண்டு. தங்கள் விதையில் குற்றமிருந்ததென்று ஒப்புக்கொள்ள விரும்பாத கம்பெனிகள், "பொறுப்பு ஏதும் ஏற்காமல், நல்லெண்ணத்தின் பேரில் தரப்படும் தொகை" என்று பத்திரத்தில் எழுதச் செய்கின்றன. குடியானவர் பணம் வந்தால் போதுமென்று கையொப்பமிடுகிறார். பிரதி பிரயோஜனமின்றி உறவினரல்லாதாரிடமிருந்து ஒருவர் ஒரு வருஷத்தில் பெறும் பணம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால், அத்தொகை முழுவதும் வரிக்கு உரியதென்ற விதி ஒன்றிருக்கிறது. கம்பெனி தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய வாசகம், குடியானவரின் நஷ்ட ஈட்டை நன்கொடையாக்கி அவ்விதியின் வாயில் தள்ளிவிடக்கூடும். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதும், இனி உரிமை கோருவதில்லையென்று ஒப்புவதும் பிரதி பிரயோஜனமே என்று பிற்பாடு வாதிக்கலாம்; அவ்வாதம் நியாயமானதுங்கூட. எனினும், இன்ன பருவத்தில், இன்ன சர்வே நம்பர் நிலத்தில் பயிர் நஷ்டமானது பற்றிய கோரிக்கையை இத்தொகையால் தீர்த்துக்கொண்டதாகப் பத்திரத்திலேயே ஒரு வாக்கியம் எழுதச் செய்வதில் கஷ்டமொன்றுமில்லை. கம்பெனி தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அவ்வாறு எழுதலாம். அதற்கும் மறுக்கிற கம்பெனியோடு ராஜியாகாமல் இருப்பதே உத்தமம்.

கரும்புப் பாக்கியிலும் இதே கவனம் வேண்டும். 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, கரும்பு ஒப்படைத்த பதினாலு நாட்களுக்குள் விலையைத் தர வேண்டுமென்றும், தவறினால் வருஷத்திற்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் வட்டி சேர்க்க வேண்டுமென்றும் விதித்தது. வருஷக் கணக்கில் பாக்கி வைத்த ஆலைகளிடமிருந்து அந்த வட்டியைக் கண்ணால் கண்ட குடியானவர்கள் சிலரே. வந்தால் அதன் நிலை என்ன? கரும்பு விலை, எத்தனை வருஷம் தாமதித்து வந்தாலும், விளைவின் விலையே. அது விவசாய வருமானம். வட்டியோ, 1948-ம் வருஷத்துப் பிரிவி கௌன்ஸில் தீர்ப்பின் நியாயப்படி, விவசாய வருமானமன்று. நஷ்ட ஈட்டு வட்டிக்கு உள்ள பாதிக் கழிவும் விலைப் பாக்கியின் வட்டிக்குப் பொருந்தாது. ஆகையால் ஆலை மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்குமானால், அதில் விலை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குவது அவசியம். ஆலை வட்டியென்று எழுதினால் மூலத்திலேயே நூற்றுக்குப் பத்து வரி பிடிக்க இடமுண்டு. வருமான வரிக் கணக்கு எண் கொடாதவரிடம் அது இருபதாகும். அசலைக்கூடப் பூரணமாகத் தராமல், தந்த சொற்பத்தில் ஒரு பகுதியை வட்டியென்று எழுதி வரி பிடிக்கும் ஆலைக்கு, அது வட்டியன்று, விலையே என்று உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். பிடித்த வரி, கணக்குத் தாக்கல் செய்தால் உரியவருக்குத் திரும்பி வரும். அப்படித் திரும்பிய வரி வருமானமன்று. வரி இலாகா அதன்மீது வட்டி சேர்த்துக் கொடுத்தால் அவ்வட்டி வருமானம்.

நிலத்தின் சம்பந்தமாக வரும் ஈட்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். 2013-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டப்படி அளிக்கப்படும் தீர்ப்புத் தொகைக்கு வருமான வரி கிடையாது. கம்பெனி நேரடியாகப் பேசி விலைக்கு வாங்குவதற்கு மாத்திரம் அச்சலுகை பொருந்தாது. வரிச் சட்டத்தில் தனி வாசகம் இல்லாவிட்டாலும் இவ்விலக்கு செல்லும் என்று மத்திய நேர்முக வரி போர்டு 2016 அக்டோபரில் சுற்றறிக்கையும் விடுத்தது. நேரடி விற்பனையானாலும், நிலம் கிராமத்து விவசாய நிலமாயிருந்தால் லாப வரி இல்லை. பத்தாயிரத்துக்கு மேல் லட்சம் வரை ஜனத்தொகையுள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும், பத்து லட்சம் வரையுள்ள ஊரிலிருந்து 6 கிலோமீட்டருக்கும், அதற்கு மேற்பட்ட நகரத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க வேண்டும். தூரம் ரஸ்தா வழியாக அளக்கப்படுவதன்று, ஆகாய மார்க்கமாக நேர்கோட்டில் அளக்கப்படுவது. நகரங்களின் எல்லை விரியும்தோறும் பல கிராமங்களின் நிலை அறியாமலே மாறிவிடுகிறது. கிராம அதிகாரிகள் தரும் தூர ஸர்ட்டிபிகேட் இக்காரணத்தால் சாமானியக் காகிதமன்று.

எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்காக 1962-ம் வருஷத்துச் சட்டப்படி நிலத்தின் சொந்தம் மாறுவதில்லை. உபயோக உரிமை மாத்திரம் எடுக்கப்படுகிறது. அதற்கு நிலத்தின் மார்க்கெட் மதிப்பில் நூற்றுக்குப் பத்தும், பயிர் மரம் முதலியவற்றின் சேதத்திற்குத் தனியாகவும் ஈடு உண்டு. முன்னது நிலத்தின் மதிப்புக் குறைந்ததற்காக வருவது. பின்னதில் நிற்கும் பயிருக்கானது விளைவின் பிரதி. வெட்டப்பட்ட தென்னைக்கும் மாவுக்கும் வருவது காயின் விலையன்று, மரத்தின் விலை. கேரளத்துக் கரிம்தருவித் தேயிலைத் தோட்டத்தில் தேயிலைக்கு நிழல் தந்து மூப்படைந்த மரங்களை விற்ற பணம் வருமானமன்று, மூலதனமே என்று சுப்ரீம் கோர்ட் கூறியதும் இந்த நியாயத்தினாலேயே. இம்மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டி ஒரே செக்காகக் கொடுப்பது கம்பெனிக்கு வசதி. குடியானவருக்கு அதனால் வசதி ஒன்றுமில்லை.

விவசாய வருமானம் என்று தீர்ந்துவிட்டாலும் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்று எண்ணுவது தவறு. பேராசிரியர் ராஜ் தலைமையிலான கமிட்டி 1972-ல் செய்த சிபாரிசைத் தழுவி, 1973-ம் வருஷத்து நிதிச் சட்டம் முதல், வேறு வருமானமும் உள்ளவர்களின் வரி வீதத்தை நிர்ணயிப்பதற்காக 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட விவசாய வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. நிலத்தோடு பென்ஷனோ, வீட்டு வாடகையோ, கடையோ உடையவர்கள் இதனால் பாதிக்கப்படுவார்கள். நிலத்தை மாத்திரம் நம்பியிருப்பவர்களுக்கு இதனால் தொல்லையில்லை.

பயிர் இன்ஷியூரன்ஸ் தொகையைப் பற்றி மத்திய நேர்முக வரி போர்டு, நில ஆர்ஜிதத் தொகைக்குச் செய்ததுபோல, ஒரு சுற்றறிக்கையால் சந்தேகத்தை நீக்கிவிடுவது மிகவும் விரும்பத்தக்கது. விதைக்க முடியாமற்போன நிலத்து ஈட்டையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். தர்க்கத்தினால் மட்டும் காப்பாற்ற முடியாத பகுதி அதுவே. இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் செய்ய வேண்டிய காரியமோ இன்னும் எளிது. அவர்கள் அனுப்பும் பணம் இப்போது பாங்கிப் புஸ்தகத்தில் வெறும் எண்ணாக வந்து விழுகிறது. சர்வே நம்பர், பயிர், பருவம், ஈட்டின் இனம் ஆகிய நான்கையும் காட்டும் ஒரு சீட்டை உடன் அனுப்பும்படி விவசாய இலாகா அவர்களை வற்புறுத்த வேண்டும். அச்சீட்டு வரும்வரை, பணம் வந்த தேதியை எழுதி, அந்தப் பருவத்து அடங்கல் நகலையும் பிரீமியம் ரசீதையும் அதனோடு ஒரே கட்டில் வைத்துக்கொள்வது குடியானவர் தாமே செய்துகொள்ளக்கூடியது. அடங்கல் நகல் கேட்டு வருகிறவரிடம் பயிர் அழிந்த வருஷத்து நகலையே கொடுக்கிறோமா என்று கிராம அதிகாரிகள் ஒரு முறை பார்த்துக் கொடுப்பார்களானால் பின்னால் அநேக அலைச்சல் மிச்சமாகும்.